ஜன்னலோரம் காலியில்லை

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. நன்றாகச் சாய்ந்துகொள்ளலாம். பின்னால் சுவர்தான், யாருடைய முழங்காலிலும் இடிக்காது. சாய்வதற்கு முன் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாய்ந்தேன், கவனித்திருப்பீர்கள். அது என் பழக்கம். உலகத்தில் எல்லாரும் இப்படித் திரும்பிப் பார்த்திருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை.

உங்கள் விசாரணைக்கு யாரும் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். மதிய விமானத்தில் நடந்த விபரீதத்துக்கு என் கொழுந்தியாளை வேலையை விட்டு அனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த விமானத்தின் பணிப்பெண்களுக்கு அவள்தான் தலைமை, பயணிகளை அடக்க அவளுக்குத் துப்பில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது. தவிர, அவளுக்கு வேலை போனால் வேறு போக்கிடம் கிடையாது, எங்கள் வீட்டில்தான் இருப்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை இருப்பாள். அதைத் தடுக்கத்தான் வந்தேன். நியாயத்துக்காகவும்தான்.

நான் பயணச்சீட்டைச் சரிபார்த்து இருக்கை ஒதுக்கும் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். என் தலை நரைத்ததே அந்தக் கவுன்ட்டரில்தான். ஒரு மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவனோடு பழக வேண்டியதில்லை, ஐயா. அவன் வரிசையில் நிற்கிற அழகைப் பார்த்தால் போதும். முன்னால் நிற்பவரின் குதிகாலில் தள்ளுவண்டியை இடித்துவிட்டு, வேறெங்கோ பார்க்கிறவன் இருக்கிறான். விமானத்தில் முன் இருக்கையை முழங்காலால் உதைக்கப் போகிறவன் அவன்தான். வரிசையிலேயே செருப்பைக் கழற்றிக் காலுக்குக் காற்று வாங்குகிறவர், மேலே போனதும் காலுறையையும் கழற்றுவார். கவுன்ட்டர் மேடையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொள்கிறவர், நடுக் கைப்பிடியை அடுத்தவருக்கு விட்டுத்தர மாட்டார். இதெல்லாம் சோற்றுப் பதம் பார்க்கிற கணக்குதான்.

நான் பாடம் கற்பித்த முதல் ஆளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தரகர் ஒருவர். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக்கொண்டே வந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் என் மூக்குக்கு நேராக ஒரு விரலை நீட்டி, பொறு என்று சைகை காட்டினார். அவருடைய மாமனாருக்கு மூலம் அறுத்த கதை முழுவதையும் அந்த வரிசையே கேட்டது. விரல் கீழே இறங்கவே இல்லை. பேசி முடித்துவிட்டு, "ஜன்னலோரம் குடுய்யா" என்றார்.

"ஜன்னலோரம் காலியில்லைங்க" என்றேன். ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது. அவருக்குச் சற்று முன்னால் அதே மாதிரி ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டு வந்த இருவரை ஒரே வரிசையின் இரண்டு ஓரங்களிலும் உட்காரவைத்திருந்தேன். இவரை நடுவில் வைத்தேன். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவர் திரும்பி வந்தபோது வரிசையில் வாயைத் திறக்காமல் நின்றார். என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார். கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தார். அன்றைக்கு எனக்கு ஒரு பெரிய உண்மை விளங்கியது. நல்லவர்கள் நடுவில் உட்காரவைத்தால் இவர்களுக்கு எதுவுமே உறைக்காது. நல்லவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது சரிதான், ஆனால் விமானத்தில் அவருக்கு ஒரு கைப்பிடிகூடக் கிடைக்காது. இவர்களை இவர்களோடுதான் சேர்க்க வேண்டும்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலையை விரிவுபடுத்தினேன். இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்கிறவருக்குப் பின்னால், உதைக்கிற பிள்ளையை உட்காரவைத்தேன். பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் நகம் வெட்டுகிறவர். நகம் வெட்டுகிறவருக்கு அந்தப் பக்கம், தூங்கி விழுந்து தோளில் எச்சில் வடிக்கிற ஒப்பந்தக்காரர். சம்பந்தம் பேசி முடிக்கிற மாதிரிதான், ஐயா. இன்னாருக்கு இன்னார் என்று பொருத்தம் பார்த்துச் செய்ய வேண்டும். என் மனைவிகூட, "என்னங்க, முன்ன மாதிரி இல்லாம வேலைக்கு இப்ப சிரிச்சுக்கிட்டே போறீங்க" என்று கேட்டாள்.

வீட்டிலிருந்தே இருக்கையைத் தேர்ந்துகொண்டு வருகிறவர்களை எப்படி மாற்றினாய் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. எங்கள் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு, எடைச் சமநிலை. விமானத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் பாரம் ஒத்துப்போக வேண்டும், அதற்காகச் சில சமயம் ஆட்களை இடம் மாற்றுவோம். "விமானத்தோட எடைச் சமநிலைக்காகங்க, பின்வரிசைக்கு மாத்தியிருக்கேன்" என்று பணிவாகச் சொன்னால் எந்தக் கொம்பனும் வாயைத் திறப்பதில்லை. தன்னால் விமானம் கவிழ்ந்துவிடும் என்று நம்புவதில் மனிதனுக்கு ஒரு பெருமை இருக்கிறது. வழக்கறிஞர் ஒருவர் மட்டும், "அவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று கேட்டார். அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனாலும் பின்வரிசைக்குத்தான் அனுப்பினேன்.

கடைசி ஆறு வரிசைக்குப் பணிப்பெண்கள் சந்தைக்கடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்வரிசையில் போனவர்கள் என்னைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். பயணம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு பள்ளி ஆசிரியை கண்கலங்கினார். அப்போதுதான் நினைத்தேன், ஆறு வரிசைக்கே இவ்வளவு புண்ணியம் என்றால், ஒரு முழு விமானத்துக்கு எவ்வளவு இருக்கும்.

உங்கள் கைபேசி மறுபடி அலறுகிறது, ஐயா. பரவாயில்லை, பேசுங்கள், நான் காத்திருக்கிறேன்.

பேசிவிட்டீர்களா. நல்லது. ஊருக்கு நாளைக்கு எந்த விமானத்தில் திரும்புகிறீர்கள்? சும்மாதான் கேட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நிலையத்திலிருந்து ஒரே ஊருக்குத் தினமும் இரண்டு விமானம் போகிறது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. இரண்டுமே முழுதாக நிரம்புவதில்லை. ஆகவே நல்லவர்களைக் காலை விமானத்துக்கும் மற்றவர்களை மதிய விமானத்துக்கும் எடைச் சமநிலை என்ற பெயரில் மாற்றிக்கொண்டே வந்தேன். ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. சிலரைக் கெஞ்சினேன், சிலருக்குச் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தேன். போன வியாழக்கிழமை முழுதாக நிரம்பிய மதிய விமானத்தில், என் அறிவுக்கு எட்டியவரை, அடுத்தவரைப் பற்றிக் கவலைப்படுகிற ஓர் ஆத்மாகூட இல்லை. அந்தப் பக்குவத்துக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

என் கொழுந்தியாள் அந்த விமானத்தில் இருந்தாள், உண்மைதான். அவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் என் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. பெட்டியோடு வந்து இறங்கியபோது, "ஒரு பத்து நாள் அத்தான், ரூம் கெடச்சதும் போயிடுவேன்" என்றாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தது என் தவறு. அந்தப் பத்து நாள் தொடங்கியபோது கூடத்துச் சுவரில் பச்சை வண்ணம் இருந்தது. அது உரிந்து, நீலம் அடித்து, இப்போது நீலமும் உரிந்துகொண்டிருக்கிறது. பத்து நாள் இன்னும் முடியவில்லை.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்கள். அவள் பிடுங்கியது என் சாய்வு நாற்காலியை மட்டும்தான், அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். அதில் ஈரத்துண்டை விரித்து, கால் இரண்டையும் கைப்பிடி மேல் தூக்கிப்போட்டு, தோழிகளோடு ஒலிபெருக்கியில் பேசுவாள். எந்த விமானி யாரோடு சண்டை, யார் யாரோடு சமாதானம் என்று ஒன்று விடாமல் எனக்குத் தெரியும். அவள் வைக்கிற அலாரத்துக்கு நாங்கள் எழுவோம், பக்கத்து வீட்டார் எழுவார்கள், அவள் எழமாட்டாள். பிறகு குளியலறைக்குள் போனால் அன்றைய பொழுது அவளுடையது. கதவைத் தட்டினால், விமானத்தில் பேசுகிற அதே தேன்குரலில் உள்ளேயிருந்து, "பயணிகள் தயவுசெய்து தங்கள் இருக்கையிலேயே அமர்ந்திருக்கவும்" என்பாள். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும், ஆனால் அந்த நேரத்தில் சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

மனைவியிடம் ஒரு தடவை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"விடுங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே வேல பாக்குற பொண்ணு. வீட்டுலயாவது கால நீட்டட்டும். நீங்க என்ன, உக்காந்துதானே வேல பாக்குறீங்க?" என்றாள்.

அது உண்மைதான். உட்கார்ந்துதான் பார்க்கிறேன்.

அவளுக்கு அடுத்தவர் மனசு தெரியாது, ஐயா. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்காமலே இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே டி.வி.யை அலறவிட்டிருந்தாள். என் கழுத்துவலிக்கு ஒரு தலையணை வாங்கி வந்தாள், அதுவும் ஊதா நிறத்தில். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் கண்ணாடியில் பார்த்தேன். வலி போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நிறத்தை என்னிடம் கேட்டிருக்கலாமே.

இப்போது நீங்கள் கேட்கப் போவதை நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் காலை வேலை இருந்த வாரங்களில் மோசமானவர்களைக் காலை விமானத்தில் ஏற்றியிருக்கிறேன், மதிய வேலை இருந்த வாரங்களில் மதியத்தில். நீங்கள் எப்படியும் கண்டுபிடித்திருப்பீர்கள். அது பகை அல்ல. திறமைக்குக் கொடுத்த மரியாதை. அப்படிப்பட்டவர்களின் மனசு அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? தவிர, தினமும் இவர்களோடு மல்லுக்கட்டினால் அலுத்துப்போய், வேறு ஊருக்கு மாற்றல் கேட்பாள் என்று ஒரு சின்ன எதிர்பார்ப்பும் இருந்தது. தலைமை அலுவலகம் இருக்கிற ஊர் நல்ல ஊர். அங்கே தனி அறை தருகிறார்கள். அவள் நன்மைக்குத்தான் நினைத்தேன்.

அவள் மாற்றல் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு, "இன்னைக்கு என்னா கூட்டம்னு நெனக்கிறீங்க அத்தான், அப்படியே கதம்பம்" என்று ஒவ்வொருவர் மாதிரியும் நடித்துக் காட்டுவாள். ஆகவே நான் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை நடந்ததை அந்த ஊர்த் தீயணைப்புப் படைக்காரர் ஒருவர், பயணிகளிடம் கேட்டறிந்து, தொலைபேசியில் எனக்கு விவரமாகச் சொன்னார். விமானம் கிளம்பியதும் முதல் வரிசை சாய்ந்தது. இடிபட்ட இரண்டாம் வரிசையும் பதிலுக்குச் சாய்ந்தது. அப்படியே வரிசை வரிசையாகச் சாய்ந்துகொண்டே போய், கடைசி வரிசையில் நின்றது. கடைசி வரிசைக்குப் பின்னால் கழிவறைச் சுவர், அவர்களால் சாய முடியாது. அங்கே இருந்த மூன்று பேரும் எழுந்து நின்றபடியே பயணம் செய்ய வேண்டியதாயிற்று. வெட்டிய நகம் ஒன்று பறந்து போய் ஒருவருடைய காப்பியில் விழுந்தது. அவர் காப்பியை நகத்தின் சொந்தக்காரர் மேல் ஊற்றினார். அவித்த முட்டைப் பொட்டலங்கள் ஒரே நேரத்தில் ஒன்பது திறக்கப்பட்டன. கைப்பிடிக்காக ஒருவருடைய முழங்கை கடிக்கப்பட்டது.

அந்தக் கடிக்கு நான் வருந்துகிறேன். அதில் ஒரு பிழை நடந்துவிட்டது. நூலகர் ஒருவர், தங்கமான மனிதர், முகத்தில் கடுமை இருந்ததால் தப்பாக எடைபோட்டு அந்த விமானத்தில் ஏற்றிவிட்டேன். அவருக்குப் பல்வலியாம், அதனால்தான் அந்தக் கடுமை. கடித்தவர் அவர்தான்.

உண்மையான சங்கடம் தரை இறங்கிய பிறகுதான். சக்கரம் தரையைத் தொட்ட நிமிடத்தில் விமானம் முழுவதும் எழுந்து நின்றது. உட்காருங்கள் என்று என் கொழுந்தியாள் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். ஒருவரும் உட்காரவில்லை. மேல்தட்டுகள் திறந்து பெட்டிகள் மழையாக விழுந்தன. ஒரு குழந்தை தலைக்கு நேராக வந்த பெட்டியை இவள் காலைக் கொடுத்துத் தடுத்திருக்கிறாள். அப்புறம் எல்லாரும் முதல் ஆளாக இறங்கப் பார்த்தார்கள். வாசலில் இரண்டு பேர் தோளோடு தோள் இறுகிப் பாட்டில் தக்கை மாதிரி மாட்டிக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். தள்ளத் தள்ள இறுகியது. நீங்க கொஞ்சம் பின்னால போங்க என்று ஒருவரிடம் சொன்னால், நீ போயேன் என்றாராம். கதவு திறந்திருந்தது, படிக்கட்டு போட்டிருந்தது, ஆனால் சாயங்காலம் வரைக்கும் அந்த விமானத்திலிருந்து ஒருவர்கூட இறங்கவில்லை. கடைசியில் பின்பக்க அவசரக் கதவைத் திறந்து, தீயணைப்புப் படைதான் ஒவ்வொருவராக உருவி எடுத்தது. நான்கு தோள்பட்டை, ஏழு பல், ஒரு மூக்கு. விமானி கடைசிவரை தன் அறைக்கதவைத் திறக்கவில்லை. இனிமேல் சரக்கு விமானம்தான் ஓட்டுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். சரக்கு எழுந்து நிற்காது என்றாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், அன்று காலை விமானம் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. எல்லாரும் "நீங்க மொதல்ல போங்க", "இல்லல்ல, நீங்க போங்க" என்று வழிவிட்டுக்கொண்டு இறங்கினார்களாம். அதை நினைத்தேன். மனசு நிறைந்தது.

கொழுந்தியாள் காலில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் வைத்தாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏறுன ஆளுங்க அத்தன பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க அத்தான். கவுன்ட்டர்ல ஒரு சாது மனுஷன் இருக்காரு, எடைச் சமநிலைக்காக எங்கள இதுல மாத்திவிட்டாருன்னு" என்றாள். நான் தண்ணீர் குடித்தேன். அவள் முக்காலியில் காலைச் சரிசெய்துகொண்டாள். "அக்காகிட்ட சொல்லாதீங்க, பயப்படுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆகவே முழுப் பொறுப்பும் என்னுடையது. ஆட்களைப் பொறுக்கி எடுத்தவன் நான், ஏற்றியவன் நான். அவளை அந்த வேலையிலிருந்து விரட்ட வேண்டும் என்று எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் நினைத்தவன் நான். வேலையிலிருந்து அல்ல, மன்னிக்கவும், ஊரிலிருந்து. அவளுக்கு எதுவுமே தெரியாது. என்னை வேலையை விட்டு அனுப்புங்கள், கோர்ட்டுக்கு அனுப்புங்கள், அவளை மட்டும் தயவுசெய்து விமானத்துக்கு அனுப்புங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஏன் ஐயா பேனாவை மூடுகிறீர்கள்?

அவள் காலையிலேயே வந்தாளா? இந்த அறைக்கா?

கட்டுப்போட்ட காலோடு எப்படி வந்தாள்? ஆட்டோவிலா.

அப்படியா சொன்னாள். அவள்தான் என்னிடம் கேட்டுக்கொண்டாளாமா? அடங்காத பயணிகளை எல்லாம் என் விமானத்தில் ஏற்றிவிடுங்கள் அத்தான், நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று அவள்தான் என்னை வற்புறுத்தினாளாமா? எங்க அத்தான் வாயில்லாப் பூச்சி, அவருக்கு ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்கத் தெரியாது, அவர் வேலை போனால் எங்கக்கா வீட்டில் அடுப்பு எரியாது என்றாளா. அழுதாளா. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ராஜினாமாவும் கொடுத்துவிட்டாள். நீங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். இல்லை ஐயா, நான் சொன்னதுதான் உண்மை, அவளைக் காப்பாற்ற நான் கதை கட்டவில்லை. சிரிக்காதீர்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு குடும்பமா என்று நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. நான் குற்றவாளி, ஐயா. எனக்கு ஒரு சின்னத் தண்டனையாவது கொடுங்கள். குறைந்தது வேறு ஊருக்காவது மாற்றுங்கள்.

இனிமேல் வீட்டில் இருந்துகொண்டு அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒத்தாசையாக இருக்கப் போகிறாள் என்றா சொன்னாள்? இன்றிலிருந்தா?

இவ்வளவு பெரிய முடிவை எடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா, ஐயா? அடுத்தவர் என்ன ஆவார் என்று ஒரு நிமிடம் யோசிக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.